பொறுப்பேற்க ஆளில்லாத தள்ளுபடி

ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே நிறம். ஊர்க் கடையில் ஒரு விலை. இணையச் சந்தையில், இதுவரை கேள்விப்பட்டிராத ஒரு விற்பனையாளரின் பெயரில், அதைவிட இரண்டாயிரமோ மூவாயிரமோ குறைந்த விலை. கைபேசி, மடிக்கணினி, கேமரா, தொலைக்காட்சி என எதை வாங்கப் போனாலும் இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கிறது. கடைக்கு வாடகை உண்டு, ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. கிடங்கிலிருந்து நேராக அனுப்புபவருக்கு அந்தச் செலவில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. வங்கி அட்டைக்கான சலுகை, பழைய பொருளைக் கொடுத்துப் புதியதை வாங்கும் சலுகை, அடுத்த மாடல் வருவதற்கு முன் கையிருப்பைத் தீர்ப்பது ஆகியவையும் விலையை நியாயமாகவே குறைக்கின்றன. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு தொகை மிஞ்சுமானால், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மிஞ்சும் அந்தத் தொகை பெரும்பாலும், பொருளுக்கு நாளை பதில் சொல்ல வேண்டிய ஒருவரை விற்பனைச் சங்கிலியிலிருந்து எடுத்துவிட்டதால் மிச்சமாவது என்பதே என் வாதம். அவர் சுமந்திருக்க வேண்டிய சுமை வாங்குபவரின் தலையில் இறங்குகிறது. விலைப் பட்டியலில் அது எங்கும் எழுதப்படுவதில்லை.

இதைக் கடைக்கும் இணையத்துக்கும் இடையிலான சண்டையாகப் பார்த்தால் வழி தவறிவிடும். இணையம் வருவதற்கு முன்பே பொறுப்பற்ற விற்பனை இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் சென்னையில் உருவான பர்மா பஜார், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலத்தில் வெளிநாட்டு ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பெயர் பெற்றது. அங்கே பில் கிடையாது, வாரண்டி கிடையாது. கடையைத் தாண்டிவிட்டால் பொருள் வாங்கியவர் பாடு. ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த விதி. தெரிந்தே பேரம் பேசினார்கள், தெரிந்தே விலை குறைத்தார்கள். மறுபுறம், இன்று நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே நடத்தும் இணையக் கடைகளும், பெரிய சந்தைத் தளங்களில் அந்நிறுவனங்களால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதும் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்குவதும் பொறுப்பு என்ற அளவுகோலில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எல்லைக்கோடு அங்கீகாரம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் இருக்கிறது. இணையம் செய்த மாற்றம், அந்தக் கோட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது. ஒரே பக்க வடிவமைப்பு, ஒரே படம், ஒரே நட்சத்திர மதிப்பீடு, ஒரே 'வாங்கு' பொத்தான். பர்மா பஜாரின் விதி ஷோரூமின் விளக்கொளியில் நடக்கிறது என்பதுதான் இன்றைய நிலைமை.

அங்கீகாரம் என்பது சுவரில் மாட்டும் சான்றிதழுக்கு மேற்பட்டது. நிறுவனம், மாநில அளவிலான விநியோகஸ்தர், டீலர் என்று இறங்கும் சங்கிலியில் ஒவ்வொரு பெட்டியின் சீரியல் எண்ணும் பதிவாகிறது. எந்தப் பெட்டி எந்தக் கடைக்குப் போனது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். பில் போட்ட தேதியிலிருந்து வாரண்டி தொடங்கும். குளிர்சாதனம் போன்ற பொருட்களில் பொருத்தித் தருவதற்கான ஆளை டீலர் வழியாக நிறுவனம் அனுப்புவது உண்டு. இதைவிட முக்கியமானது, டீலருக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பது. வாடிக்கையாளரை ஏமாற்றினால் டீலர்ஷிப் போகும்; கடையின் பெயர் அந்த வட்டாரத்தில் கெடும்; நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் வாசலுக்கு வரும். டீலர் நல்லவராக இருக்க வேண்டும் என்ற தேவை இங்கே இல்லை. கெட்டவராக இருப்பதற்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே போதும். அங்கீகாரமில்லாத இணைய விற்பனையாளருக்கு இந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு கணக்கு முடக்கப்பட்டால் வேறு பெயரில் இன்னொரு கணக்கு.

அப்படியானால் அவர்களிடம் பொருள் எங்கிருந்து வருகிறது? எல்லாம் போலி என்று சொல்வது அவசரம். காலாண்டு இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியில் அங்கீகாரம் பெற்ற டீலரே மிகுதிச் சரக்கைக் குறைந்த லாபத்தில் மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம். அந்தப் பொருள் அசல். ஆனால் பில்லில் உள்ள பெயரும் நிறுவனத்தின் பதிவில் உள்ள பெயரும் பொருந்தாது. சில நேரம் வேறொருவர் வாங்கி, இயக்கி, திருப்பிக் கொடுத்த கைபேசி மீண்டும் சீல் ஒட்டப்பட்டு வருகிறது. நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்தால் வாரண்டி மூன்று மாதம் முன்பே தொடங்கியிருக்கும். மூன்றாவது, வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரித்ததை இடைவழியாக இறக்குமதி செய்து விற்பது. நான்காவதுதான் முழுப் போலி. இந்த நான்கும் ஒரே பக்கத்தில், ஒரே படத்தின் கீழ் விற்கப்படுகின்றன. நான்கில் எது வரப்போகிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை என்பதே இங்குள்ள முதன்மையான குறை.

இடைவழி இறக்குமதியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். எதிர்வாதத்தின் வலுவான பகுதி அங்கேதான் இருக்கிறது. அசல் பொருளை வெளிநாட்டில் நேர்மையாக விலை கொடுத்து வாங்கி, சுங்க வரி கட்டி, இங்கே கொண்டுவந்து விற்பதில் என்ன தவறு? சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறது. சாம்சங் நிறுவனம் தன் பிரிண்டர்களை இப்படி இறக்குமதி செய்து விற்ற டெல்லி வியாபாரிகள் மீது தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2012இல் அந்த இறக்குமதியைத் தடை செய்ய மறுத்தது. 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறியீடுகள் சட்டத்தின்படி, உலகின் எந்தச் சந்தையில் ஒருமுறை முறையாக விற்கப்பட்டாலும் அந்தப் பொருளின் மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை நிறுவனத்துக்குத் தீர்ந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. ஆனால் அதே தீர்ப்பு ஒரு நிபந்தனையையும் விதித்தது: இது இறக்குமதிப் பொருள், சாம்சங் இதற்கு வாரண்டி தராது, பழுது பார்க்காது, அந்தப் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம் என்று வியாபாரிகள் தங்கள் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். அந்த நிபந்தனையில்தான் நியாயத்தின் மையம் இருக்கிறது என்பேன். விற்கும் உரிமையையும் வெளிப்படையாகச் சொல்லும் கடமையையும் நீதிமன்றம் ஒரே முடிச்சில் கட்டியது. இணையச் சந்தையில் முதல் பாதி தாராளமாக நடக்கிறது; இரண்டாம் பாதியைக் காண்பது அரிது.

இடைவழி இறக்குமதியில் வாரண்டி மட்டும் போவதில்லை. அமெரிக்கச் சந்தைக்கான ஐபோன்களில் 2022இல் வந்த 14ஆம் வரிசை முதல் சிம் அட்டைக்கான இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். வேறு நாட்டுக்கான கைபேசிகளில் இங்குள்ள நிறுவனங்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளில் சில இல்லாமல் போகலாம். நகரத்தில் வேலை செய்யும் கருவி ஊருக்குப் போனதும் சிக்னலைத் தேடும். 110 வோல்ட் நாட்டுக்கென்றே வடிவமைத்த சாதனத்தை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் செருகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றை அறிந்து வாங்குபவர் தாராளமாக வாங்கலாம். அறியாமல் வாங்குபவருக்கு விலைக் குறைவு என்று எதுவும் இல்லை. தனக்குப் பொருந்தாத பொருளை முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார், அவ்வளவே.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: அங்கீகாரம் என்பதே நிறுவனங்கள் விலையை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும் கருவிதானே? இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்த இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதற்கு விடை தெளிவாகும். 2014இல் சான்டிஸ்க் சேமிப்புச் சாதனங்களை ஸ்னாப்டீல் இணையச் சந்தையில் விற்றுவந்த ஒரு வியாபாரி, அங்கீகாரம் இல்லை என்று கூறித் தன்னை நிறுத்திவிட்டார்கள் எனப் புகார் கொடுத்தார். இணையத்தில் தன் பொருட்கள் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்கள் மூலமே விற்கப்பட வேண்டும் என்று நிறுவனம் கேட்பதை அத்துமீறலாகக் கருத முடியாது என்று ஆணையம் அந்தப் புகாரை முடித்துவிட்டது. இன்டெல் வழக்கு வேறு மாதிரி. 2016இல் அந்நிறுவனம், பெட்டியில் அடைத்து விற்கப்படும் தன் பிராசசர்களுக்கு இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கியிருந்தால்தான் இங்கே வாரண்டி என்று ஒரு விதியை, இந்தியாவுக்கு மட்டும், கொண்டுவந்தது. இடைவழி இறக்குமதி செய்யும் ஒரு டெல்லி நிறுவனம் புகார் கொடுக்க, 2019இல் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. பிற நாடுகளில் தரும் பொறுப்பை இந்திய வாங்குநருக்கு மட்டும் மறுப்பது ஏன் என்பது அங்கே எழுந்த கேள்வி.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கோடு தெரிகிறது. யார் மூலம் விற்பது என்பதை முடிவு செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. தன் தொழிற்சாலையில் தானே செய்த பொருளை, அது வந்த வழியைக் காட்டி, என்னுடையது இல்லை என்று கைவிட அதே அளவு உரிமை இருக்கக் கூடாது. ஒரு பிராசசரில் உற்பத்திக் குறை இருந்தால், அது துபாய் வழியாக வந்ததா சென்னை வழியாக வந்ததா என்பது அந்தக் குறையை மாற்றப்போவதில்லை. எனவே நிறுவனங்களின் வாரண்டி விதிகள் அனைத்தையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த விதிகள் மாறும் வரை வாங்குபவர் அவற்றின் கீழ்தான் வாழ்கிறார். சர்வீஸ் சென்டர் மேசையில் நிற்பவரிடம் போட்டிச் சட்டத்தின் நியாயத்தை விளக்கி ஒரு மதர்போர்டை மாற்றிவிட முடியாது.

போலிப் பொருளில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் யூ.எல். என்ற பாதுகாப்புப் பரிசோதனை அமைப்பு, பல நாடுகளிலிருந்து திரட்டிய 400 போலி ஐபோன் அடாப்டர்களைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டது. மூன்று மட்டுமே தேறின. பன்னிரண்டு அடாப்டர்கள் பயன்படுத்துபவரின் உயிரையே பறிக்கக்கூடிய அளவுக்கு மோசமாக இருந்தன. இதன் காரணம் எளிமையானது, பயங்கரமானதும்கூட. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் அடாப்டருக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டுகிறது. அதிலிருந்து 5 வோல்ட் வெளியே வர வேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் பிரித்து வைப்பது டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுற்றப்படும் மின்காப்பு நாடா, சர்க்யூட் பலகையில் விடப்படும் சில மில்லிமீட்டர் இடைவெளி, இரு பக்கத்தையும் இணைக்கும் இடத்தில் வைக்கப்படும் பாதுகாப்புத் தரமுள்ள கண்டன்சர் ஆகியவைதான். போலி அடாப்டரில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுபவையும் இவையே, ஏனென்றால் இவை இல்லாமலும் கைபேசி சார்ஜ் ஆகும். வெளியே எழுத்து, எடை, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஈரக் கையோடு கேபிளைத் தொடும் நாள் வரை, அல்லது மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும் இரவு வரை, வித்தியாசம் தெரியாது. பாதுகாப்பு என்பது பயன்பாட்டில் புலப்படாத குணம். ஆகவே வாடிக்கையாளர் எழுதும் ஐந்து நட்சத்திர மதிப்பீடுகள் இந்த விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. 'வேகமாக சார்ஜ் ஆகிறது, விலையும் குறைவு' என்று எழுதியவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்.

போலியின் அளவைப் பெரிதுபடுத்தவும் கூடாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இணையச் சந்தைகளில் மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களிடம் சோதனைக்காக 47 பொருட்களை வாங்கி, அவற்றில் 20 போலி என்று 2018இல் அறிவித்தது. இந்த எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துவது பலரின் வழக்கம். உள்ளே பார்த்தால், ஒப்பனைப் பொருட்கள் பதின்மூன்றும் போலி. காலணிகள் பதினைந்தும் அசல். கைபேசி சார்ஜர்கள் பத்தில் ஒன்று போலி. இவ்வளவு சிறிய மாதிரியை வைத்துச் சந்தை முழுவதையும் அளக்க முடியாது. ஆனால் பத்தில் ஒன்று என்பதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போலிக் காலணி பிய்ந்துபோகும், அவ்வளவுதான். குழந்தை தூங்கும் அறையில் இரவெல்லாம் செருகிக் கிடக்கும் பொருளுக்கு அந்த விகிதம் மிக அதிகம்.

இந்திய இணையச் சந்தையில் முகம் தெரியாத விற்பனையாளர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு நம் கொள்கையும் ஒரு காரணம். அந்நிய முதலீடு பெற்ற தளங்கள் சரக்கைத் தாமே வைத்து நுகர்வோருக்கு நேரடியாக விற்கக் கூடாது, வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் சந்தையாக மட்டுமே இருக்கலாம் என்று 2016 மார்ச்சில் மத்திய அரசு வகுத்தது. 2018 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கியது. சிறு கடைக்காரர்களைக் காப்பது நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே 2016 அறிவிப்பு, வாரண்டியும் விற்பனைக்குப் பிந்தைய சேவையும் விற்பனையாளரின் பொறுப்பு என்றும் எழுதியது. விளைவு, வாங்குபவர் ஒரு பெரிய தளத்தின் பெயரை நம்பிப் பணம் கட்டுகிறார்; சட்டப்படி அவர் ஒப்பந்தம் செய்திருப்பது, பில்லின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தோடு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைத்தன. விற்பனையாளரின் பெயரும் முகவரியும் காட்டப்பட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் ஒரு விதியைக் கவனியுங்கள். வர்த்தகக் குறியீட்டுச் சட்டம் முதலியவற்றின் கீழ் நீக்கப்பட்ட பொருட்களைத் திரும்பத் திரும்ப விற்க வந்தவர்களைப் பற்றிய பதிவைத் தளம் வைத்திருக்க முயல வேண்டும் என்று சொல்லும் விதி, அவர்களை வெளியேற்ற வேண்டிய கட்டாயம் தளத்துக்கு இல்லை என்பதையும் உடனே சேர்த்துச் சொல்கிறது. குற்றம் செய்தவரின் பெயர் தெரிய வேண்டும், ஆனால் கதவை மூட வேண்டாம் என்றால், அந்தப் பதிவு யாருக்குப் பயன்படும்?

முகவரி காட்டினால் போதுமா என்பதற்குக் கலிபோர்னியாவில் நடந்த ஒரு வழக்கு பதில் சொல்கிறது. அமேசானில் சுமார் 12 டாலருக்கு ஒரு மடிக்கணினி மாற்று பேட்டரியை வாங்கினார் ஒரு பெண். பக்கத்தில் இருந்த விற்பனையாளர் பெயர் புனைபெயர். உண்மையான நிறுவனம் வேறு. சில மாதங்களில் அந்த பேட்டரி வெடித்துக் கடுமையான தீக்காயங்களோடு அவர் மருத்துவமனையில் கிடந்தார். வழக்குத் தொடுத்தபோது விற்பனையாளர் நீதிமன்றத்துக்கே வரவில்லை. நான் வெறும் சந்தை என்றது அமேசான். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை: பொருளைக் கிடங்கில் வைத்து, பணத்தை வாங்கி, தன் பெட்டியில் அடைத்து அனுப்பிய தளம், பொருளின் குறைக்கு ஒரு கடைக்காரரைப் போலவே பொறுப்பாகும் என்றது. இந்தத் தீர்ப்பு இங்கே செல்லுபடியாகாது. ஆனால் அது எடுத்துக்காட்டும் உண்மை எல்லா நாட்டுக்கும் பொது. காயம் பட்ட பிறகு தேடினால் கையில் அகப்படக்கூடிய ஒரே தரப்பு தளம்தான்.

நம் நாட்டிலும் காற்று மெல்லத் திசை மாறுகிறது. கட்டாயத் தரநிலையைப் பூர்த்தி செய்யாத பிரஷர் குக்கர்கள் 2,265 விற்கப்பட்டதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெற்றுக்கொண்டு, சிக்கல் வந்ததும் விலகிக்கொள்ள முடியாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. அந்தக் குக்கர்களால் கிடைத்த கட்டணமே 6 லட்சத்துக்கு மேல் என்று ஆணையம் குறிப்பிட்டிருக்க, அபராதம் ஒரு லட்சம் என்பது தண்டனை ஆகுமா என்பது தனிக் கேள்வி. 2025 மார்ச்சில் டெல்லியில் அமேசானின் கிடங்கைச் சோதித்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்), ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத அல்லது போலி முத்திரையிட்ட கீசர்கள், மிக்சிகள் உள்ளிட்ட 3,500க்கும் மேற்பட்ட பொருட்களைப் பறிமுதல் செய்தது. பல நூறு விற்பனையாளர்களைத் தேடி அலையாமல், பொருள் வந்து குவியும் ஒரே இடத்தில் போய் நின்றதால் அது சாத்தியமானது.

இனி ஊர்க் கடைக்காரர்கள் மீதான குற்றச்சாட்டுக்கு வரலாம். அது நியாயமான குற்றச்சாட்டு. விற்கும்வரை காபி வாங்கித் தருபவர், பழுது என்று போனால் 'கம்பெனிக்கு போன் போடுங்க சார்' என்று ஒதுங்குகிறார். லாபம் அதிகமுள்ள மாடலை நல்ல மாடல் என்று தள்ளுகிறார். 'பில் வேணும்னா வரி சேரும்' என்கிறார். இணையத் தளம் வாங்கிய சில நாட்களுக்குள் மாற்றித் தரும்போது, கடைக்காரர் சீல் பிரித்துவிட்டீர்கள் என்று காரணம் சொல்கிறார். இவையெல்லாம் நடக்கின்றன, கண்டிக்கத்தக்கவை. ஆனால் சட்டத்தில் அவர் நிற்கும் இடம் வேறு. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, அந்த வகைப் பொருளை வியாபாரமாகச் செய்பவர் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் பொருளைத் தர வேண்டியது சொல்லாமலே உள்ள நிபந்தனை. கம்பெனியைக் கேளுங்கள் என்று சொல்லி அவர் தப்ப முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வாங்குபவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்தது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இந்த வசதி இணையத்தில் வாங்கியவருக்கும் உண்டு. ஆனால் உத்தரவு வாங்குவது ஒன்று, அதை நிறைவேற்றுவது இன்னொன்று. திருநெல்வேலியில் தீர்ப்பு வாங்கியவர், வேறு மாநிலத்தில் ஓர் அறையில் பதிவாகி இதற்குள் மூடப்பட்டுவிட்ட நிறுவனத்திடம் எப்படிப் பணத்தை வசூலிப்பார்? ரதவீதியில் பலகை மாட்டியிருக்கும் கடையிடம் வசூலிக்கலாம். இணையத் தளத்தின் அந்தச் சில நாள் மாற்று வசதியும் உண்மையான நன்மைதான்; ஆனால் மின்னணுப் பொருளின் பழுதுகள் பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள் வருவதில்லை. எட்டாவது மாதத்தில் திரையில் கோடு விழும்போதுதான் விற்றவர் யார் என்ற கேள்வி உயிர் பெறுகிறது.

இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்பது ஏழைக்குப் பெரிய தொகை, அதை ஒதுக்கிப் பேசுவது வசதியானவர்களின் பேச்சு என்று ஒருவர் சொல்லக்கூடும். அந்தத் தொகையின் பெறுமதியை மறுக்க முடியாது. ஆனால் அதே தர்க்கம்தான் எதிர்ப்பக்கமும் போகிறது: வசதியானவருக்கு மடிக்கணினி பழுதானால் இன்னொன்று வாங்குவார், தவணை கட்டிக் கல்லூரிப் பிள்ளைக்கு வாங்கித் தந்தவருக்கு அந்த ஒன்றுதான். இன்னொன்று வாங்க இயலாதவருக்கே வாரண்டி மிகுதியாகத் தேவைப்படுகிறது. டீலர் இல்லாத சிற்றூர் மக்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. இணையத்திலேயே விற்பனையாளர் பெயரைப் பார்த்து, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலோடு ஒப்பிடலாம். பெட்டி வந்ததும், இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட ஒட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சட்டப்படி இருந்தாக வேண்டியது, இடைவழிச் சரக்கில் இல்லாமல் போவதும் அதுதான். கைபேசியில் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை, கேஒய்எம் என்ற எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது கறுப்புப் பட்டியலில் உள்ளதா, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதா என்று தெரியும். அடாப்டரிலும் பவர் பேங்கிலும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். சுவர் மின்இணைப்பில் செருகுவது, லித்தியம் பேட்டரி உள்ளது, ஆள் வந்து பொருத்த வேண்டியது ஆகிய மூன்று வகைக்கும் அங்கீகாரமில்லாதவரிடம் போகவே கூடாது என்பது என் முடிவு. கைபேசி உறைக்கும் மேசைத் தாங்கிக்கும் இந்தக் கவலை வேண்டாம்.

ஆனாலும் இத்தனை சோதனைகளையும் வாங்குபவர் தலையில் கட்டுவது முறையாகாது. 2021 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வரைவுத் திருத்தம், விற்பனையாளர் பொறுப்பை நிறைவேற்றத் தவறினால் தளமே அதை ஏற்க வேண்டும் என்றது. எதிர்ப்புகளுக்குப் பின் அந்த வரைவு அப்படியே நின்றுவிட்டது. தளங்கள் பொறுப்பேற்றால் விலை ஏறும், சிறு விற்பனையாளர்கள் வெளியே தள்ளப்படுவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். விலை கொஞ்சம் ஏறும், உண்மைதான்; ஏனென்றால் இதுவரை வாங்குபவர்களில் சிலர் மட்டும், அதுவும் துரதிர்ஷ்டத்தால், தனியாகச் சுமந்த செலவு எல்லா விற்பனையிலும் பரவலாகச் சேரும். நேர்மையான சிறு விற்பனையாளருக்கும் இதில் நன்மையே. இன்று அவர் தன் அசல் பொருளை, போலியின் விலையோடு போட்டி போட்டு விற்க வேண்டியிருக்கிறது. முழுப் பொறுப்பு உடனே முடியாதென்றால், குறைந்தபட்சம் ஒரு வரியை விதியாக்கலாம்: நிறுவனத்தின் வாரண்டி இந்த விற்பனையாளரிடம் வாங்கினால் உண்டா, இல்லையா என்பது விலைக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில். பட்டியலைத் தர வேண்டியது நிறுவனம், சரிபார்க்க வேண்டியது தளம், பொய்யென்றால் பணத்தைத் திருப்ப வேண்டியதும் தளம். 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் பிரிண்டர் வியாபாரிகளைத் தங்கள் கடையில் எழுதி வைக்கச் சொன்னதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. 2020 விதிகளில் விற்பனையாளரைப் பற்றிக் காட்டியாக வேண்டிய விவரங்களோடு இன்னொரு விவரத்தைச் சேர்க்கும் திருத்தம் போதும்.